திமிரியும் பாரியும்

நாதசுரம் குட்டையாக இருக்க வேண்டுமா, நெட்டையாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டதாகத்தான் நாம் நினைக்கிறோம். உச்ச சுருதியில் ஒலிக்கும் குட்டை நாயனமான திமிரி பழைய காலத்தது; சுருதி தாழ்ந்த நெட்டை நாயனமான பாரி பிறகு வந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்தார், வித்வான்கள் அவர் வழியில் போனார்கள், திமிரி ஒதுங்கியது. சங்கீத வரலாறு இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது. திருப்பூரில் ஒரு முகூர்த்த நாளில் இந்த வரலாற்றைச் சரிபார்த்தால் அது பாதிக்கதைதான் என்று தெரியும். ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் பனியன் பண்டல் ஏற்றிய சரக்கு ஆட்டோக்களும் டூவீலர்களும் வெளியூர் வியாபாரிகளும் நெருக்கியடிக்கும் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு போகிறது என்றால், முப்பது அடி தள்ளி நிற்பவருக்குத் தவில் கேட்கிறது, நாயனம் கேட்பதில்லை. வாசிப்பவரின் கன்னம் உப்புவதையும் விரல்கள் ஓடுவதையும் பார்த்துத்தான் வாசிப்பு நடப்பதே தெரிகிறது. வாத்தியத்திலும் வித்துவத்திலும் குறை இல்லை. கச்சேரி மண்டபத்துக்கென்று தேர்ந்தெடுத்த நீளத்தைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டோம் என்பதுதான் குறை. நாயனத்தின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியது அது ஒலிக்கும் இடம். மேடைக்குப் பாரி, வீதிக்குத் திமிரி என்று இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் அந்த வாத்தியத்துக்கும் அதை நம்பி வாழ்பவருக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

நீளம் என்பது தோற்றத்தைப் பற்றிய பேச்சு அல்ல. பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதும் கார்னெட்டிலும் குட்டை, நெட்டை என்று இரண்டு மாடல் உண்டு. ஆனால் இரண்டிலும் குழாயின் மொத்த நீளம் ஏறத்தாழ நாலரை அடிதான். குட்டை மாடலில் அதே குழாயைக் கூடுதலாக வளைத்துச் சுருட்டியிருப்பார்கள், நெட்டை மாடலில் கொஞ்சம் நீட்டி விட்டிருப்பார்கள். சுருதி மாறாது. பிடிக்கும் வசதியும் ஒலியின் குணமும் ஓரளவு வேறுபடும், அதற்கு மேல் எதுவுமில்லை. நாதசுரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது நேரான மரக்குழல். நீட்டினால் உள்ளே அதிரும் காற்றும் நீளும், சுருதி இறங்கியே தீரும். திமிரி பொதுவாக 4 கட்டையிலிருந்து 5 கட்டை வரையுள்ள சுருதியில் நிற்கும், பாரி 2 அல்லது 2½ கட்டை. நடுவில் இடைப்பாரி என்று ஒன்று இருக்கிறது. 5 கட்டைக்கும் 2 கட்டைக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று. ஆகவே காற்று அதிரும் நீளம் அதே அளவுக்குத் தலைகீழாகக் கூட வேண்டும். குழல் நீளும்போது ஏழு விரல் துளைகளும் தள்ளிப்போகின்றன, துளையின் வாய் அகலமாகிறது, நிரப்ப வேண்டிய காற்று அதிகமாகிறது, ஊதும் சீவாளியும் அதைச் செருகும் கெண்டையும் அதற்கேற்ப மாறுகின்றன. ஆகவே திமிரியா பாரியா என்று தேர்ந்தெடுப்பவர் தன் மூச்சையும் விரலையும் கேட்பவரின் காதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

பாரி ஏன் ஜெயித்தது என்பதை நேர்மையாகச் சொல்லாமல் திமிரிக்காகப் பேசுவது முறையல்ல. ராஜரத்தினம் பிள்ளைக்கு வேண்டியிருந்தது வாய்ப்பாட்டுக்கு இணையான ஒரு நாதம். ஆண் பாடகர்களின் சுருதிக்கு அருகில் இறங்கி வந்த நாயனத்தில் ராகத்தை அவர்களைப் போலவே நின்று நிதானித்துப் பாட முடிந்தது. நாதசுரத்தில் சாவிகள் கிடையாது. துளையைக் கால்வாசி மூடுவதும் அரைவாசி திறப்பதும் உதட்டையும் காற்றையும் இறுக்கித் தளர்த்துவதும்தான் கமகம். துளை பெரிதாகவும் இடைவெளி தாராளமாகவும் இருக்கும்போது அந்தக் கால்வாசிக்கும் அரைவாசிக்கும் நடுவே விரல் உலவ இடம் கிடைக்கிறது. அவருடைய தோடியைப் பற்றி இன்றும் பேசுகிறோம் என்றால் அதில் அந்த மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த மரத்தைச் செய்தவருக்கும் பங்கு உண்டு. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில், ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினத்துக்காகச் செய்த பாரியில் சுத்த மத்யமம் அதன் இடத்தில் சரியாக வந்து நின்றது. அதற்கு முந்தைய நாயனங்களில் அந்த ஸ்வரம் சற்று ஏறியே ஒலிக்கும். வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. குழலை நீட்டி, துளைகளை அதே விகிதத்தில் தள்ளிப்போட்டால் முடிந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுபவரிடம் கேட்டால் அப்படியில்லை என்பார்: மீடியத்தை லார்ஜ் ஆக்கும்போது மார்பளவு கூடுகிற கணக்கு வேறு, உயரம் கூடுகிற கணக்கு வேறு, கழுத்து கூடுவது மிகச் சொற்பம். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் சட்டை உடம்பில் உட்காராது. நாயனத்திலும் ஒவ்வொரு துளைக்கும் தனிக் கணக்கு. உள்துளை மேலிருந்து கீழே எப்படி விரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு. விரல் படாத அடித்துளைகளில் எதை மெழுகால் எவ்வளவு அடைப்பது என்பதற்கு இன்னொன்று. அதை ரங்கநாதன் ஆசாரி கண்டுபிடித்தது தமிழ்நாட்டுக் கைவினையின் பெரிய சாதனைகளில் ஒன்று. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகைகள் ஒரு நாள் செய்தியாகப் போட்டன. அந்த ஆசாரியின் பெயரை இசைக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆனால் பாரி ஜெயித்ததற்கு நாதம் மட்டும் காரணமல்ல. 1930களில் கச்சேரி மேடைக்கு மைக் வந்தது. அதற்கு முன் தாழ்ந்த சுருதியில் வாசிக்கும் ஒருவரைப் பெரிய பந்தலின் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்க்க வழியில்லை. வாய்ப்பாட்டுக்காரர்களே உச்ச சுருதியில் பாடிய காலம் அது. மைக் வந்தபின் அவர்கள் சுருதியை இறக்கினார்கள், குரலில் மென்மை கூடியது. நாயனமும் அதே வாசல் வழியாகத்தான் இறங்கியது. பாரியும் மைக்கும் ஒன்றை ஒன்று நம்பிப் பிழைக்கும் ஜோடி. மைக்கை எடுத்துவிட்டால் பாரியின் நியாயத்தில் ஒரு பகுதி போய்விடும். ஊர்வலத்தில் நடப்பது அதுதான். இதே காலத்தில் தவில் எதிர்த்திசையில் போனது. தோல் வாரால் இழுத்துக் கட்டிய வளையத்துக்குப் பதிலாக உலோக வளையமும் நட்டு போல்ட்டும் வந்தன; வலப்பக்கத் தோலான வலந்தலையை முன்பைவிட இறுக்கமாக முறுக்க முடிந்தது. வலந்தலை கூர்மையானது, நாயனம் தணிந்தது. மேடையில் மைக்கை நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம். காதர்பேட்டைத் தெருவில் யார் சரிசெய்வது?

இங்கே பௌதிகத்தை வைத்து ஒரு ஆட்சேபம் வரும்: தாழ்ந்த ஒலிதானே அதிக தூரம் போகும், உச்ச ஒலியைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடுமே என்று. உண்மைதான். ஆனால் அந்த விழுங்கல் கணக்கில் வருவது மைல் கணக்கான தூரத்தில், மிக உயர்ந்த அதிர்வெண்களில். நூறு, இருநூறு அடிக்குள் நடக்கும் ஊர்வலத்தில் தீர்மானிப்பது வேறு இரண்டு சங்கதிகள். மனிதக் காது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்குத்தான் மிகக் கூர்மையாகத் திறந்திருக்கிறது. எஞ்சின், சக்கரம், ஜெனரேட்டர் எழுப்பும் இரைச்சலில் பெரும்பங்கு அதற்குக் கீழே கிடக்கிறது. திமிரியின் அடிநாதமும் அதற்குக் கீழேதான், ஆனால் அதன் மேல்ஸ்தாயி உபநாதங்கள் அந்தக் கூர்மையான இடத்தில் அடர்த்தியாகப் போய் விழுகின்றன. இரைச்சலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு கேட்கிறது. பாரியின் நாதத்தில் பெரும்பகுதி இரைச்சலோடு இரைச்சலாக மூழ்குகிறது. முன்னோர்கள் ஹெர்ட்ஸ் கணக்குப் போடவில்லை. ஆயிரம் பேர் வடம் பிடித்துக் கத்தும் தேர்வீதியில் எது கேட்கிறது என்று பார்த்துத் திமிரியை வைத்துக்கொண்டார்கள்.

திமிரி கீச்சென்று கத்தும், அதில் நுட்பமான சங்கீதம் வராது என்பது அடுத்த ஆட்சேபம். படித்த ரசிகர்கள் சொல்வது, ஆகவே வலுவானது. இதற்கு வரலாறே பதில் சொல்கிறது. பாரி பரவுவதற்கு முன்பே திருமருகல் நடேச பிள்ளையும் மன்னார்குடி சின்னப்பக்கிரி பிள்ளையும் பெரும் புகழோடு வாழ்ந்து மறைந்துவிட்டார்கள். ராக விஸ்தாரத்திலும் பல்லவியிலும் அவர்கள் நிறுத்திய அளவுகோல்களைத்தான் பின்னால் வந்தவர்கள் எட்டிப் பிடிக்க முயன்றார்கள். சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். பிறகு ஒவ்வொரு வீதிக்கும் ஒரு பகுதி என்று ரக்தியும் ராகமும் பல்லவியுமாக இரவு முழுக்க நகரும். அந்தப் பெரிய கட்டிடத்தைக் கட்டி முடித்தது உச்ச சுருதி நாயனம்தான். ராஜரத்தினமும் அந்த வீதிகளில்தான் காது வளர்த்தார். திமிரியில் நுட்பம் இல்லை என்பதைவிட, அதன் நுட்பம் வேறு வகை என்று சொல்வது சரியாக இருக்கும். துளைகள் நெருங்கியிருப்பதால் விரலடிப் பிருகாக்கள் சிதறாமல் வரும். நாக்கால் வெட்டும் துத்துகாரம் உளி கொத்தியதுபோல் தெளிவாக விழும். மல்லாரியின் சொற்கட்டுக்கு வேண்டியது அதுதான். நீண்ட தோடிக்குப் பாரி, நடந்துகொண்டே வாசிக்கும் மல்லாரிக்குத் திமிரி. கீச்சென்று கேட்பது பல நேரம் மோசமான ஒலிபெருக்கியின் குற்றம். திமிரியைக் கல்யாண மண்டபத்துக்குள் நாலு சுவருக்கு நடுவே மைக் வைத்து வாசித்தால் காது கூசத்தான் செய்யும். அங்கே பாரிதான் வேண்டும். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

சரி, தெருவுக்கும் மைக் கொண்டுபோனால் என்ன? கொண்டுபோகிறார்கள். வண்டியில் ஜெனரேட்டர், இரண்டு ஹாரன், குழலின் கீழ்வாயான அணைசில் கிளிப் போட்ட மைக். மரக்குழல் வாத்தியங்களின் நாதம் வாயிலிருந்து மட்டும் வெளிப்படுவதில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. எந்த ஸ்வரம் வாசிக்கிறோமோ அதைப் பொறுத்து ஒலி புறப்படும் இடம் குழல் நெடுக ஏறி இறங்கும். அணைசில் மாட்டிய மைக் அடி ஸ்வரங்களை உரக்கவும் மேல் ஸ்வரங்களை மெலிதாகவும் பிடிக்கிறது. ஒரே ராகம் ஒருமுறை முழங்கி ஒருமுறை தேய்ந்து ஒலிபெருக்கியில் விழுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஊர்வல நாயனத்தின் அழகே ஒலி வரும் திசையிலிருந்து சாமி எங்கே வருகிறது என்று ஊர் அறிந்துகொள்வதில் இருக்கிறது. நாயனக்காரர் மூலையில் திரும்பினால் நாதமும் திரும்ப வேண்டும். வண்டி முன்னாலும் வாத்தியக்காரர் பின்னாலுமாகப் போகும்போது வாசிப்பவரிடமிருந்து வாசிப்பு பிரிந்துவிடுகிறது. கூட்டம் அவரைத் தாண்டி ஹாரனைப் பார்த்துத் தலையாட்டுகிறது. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் கேரளத்துச் செண்டை மேளம் இன்று வாங்கியிருக்கும் இடத்தைப் பார்த்து நாதசுரக்காரர்கள் வருந்துகிறார்கள். செண்டைக்கு மைக் வேண்டியதில்லை என்பது அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம். ஒருகாலத்தில் நாயனத்துக்கும் வேண்டியிருக்கவில்லை.

இதுவரை சொன்ன ஆட்சேபங்கள் காதைப் பற்றியவை. மானத்தைப் பற்றிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதுதான் கனமானது. நாதசுரக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசிக்க வேண்டும், பாடகருக்குக் கிடைக்கும் ஆசனமும் உபசாரமும் அவருக்கு இல்லை என்று இருந்த காலத்தில், அதை எதிர்த்து நின்றவர் ராஜரத்தினம். கிராப்பு வைத்துக்கொண்டார், மேடையில் சமமாக அமர்ந்தார், சுருதி பிடிக்கும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். அந்த வரிசையில் பாரியும் ஒன்று. நெட்டை நாயனம் தெருவிலிருந்து மேடைக்கு ஏறிய ஒரு சமூகத்தின் அடையாளமானது. இன்று ஒருவர் வந்து திமிரியை எடு என்றால், மறுபடி தெருவுக்குப் போ என்று சொல்வதாகத்தானே கேட்கும்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதற்குப் பின்னால் பல தலைமுறைக் காயம் இருக்கிறது. ஆனால் உண்மை நிலை என்ன? பாரியை வைத்திருப்பவர்களில் சபா மேடை கிடைப்பது மிகச் சிலருக்கு. மற்றவர்கள் கோயில் புறப்பாட்டிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் தெருவில்தான் நிற்கிறார்கள். மேடைக்கான வாத்தியத்தோடு தெருவில் நிற்பதால் மேடையின் மரியாதை தெருவுக்கு வந்துவிடவில்லை. யார் காதிலும் விழாமல் வாசிப்பதுதான் மிச்சம், அதைவிடப் பெரிய அவமரியாதை ஒரு கலைஞனுக்கு வேறு என்ன? கொங்கு மண்ணிலேயே நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் போன்ற ஒருவர் பத்மஸ்ரீ வரைக்கும் போனார். அந்தப் பெருமையைப் பாரியின் கணக்கில் எழுதுவதானால், அவரைப் போல மேடை கிடைக்காத நூற்றுக்கணக்கானவர்களின் பிழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? மரியாதை கூலியிலும், நடத்தும் விதத்திலும், தாலி கட்டி முடிந்ததும் வாத்தியக்காரருக்கும் முதல் பந்தியில் இலை போடுவதிலும் இருக்கிறது. அதற்காகத் தனியே போராட வேண்டும். மரத்தின் நீளம் அந்தப் போராட்டத்தை நமக்காக நடத்திக் கொடுக்காது.

இரண்டு வாத்தியம் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பவர்கள் பக்கத்தில் உட்காரும் மிருதங்கக்காரரைப் பார்க்கலாம். பெண் குரலுக்கு ஹெச்சு சுருதி, ஆண் குரலுக்குத் தக்கு சுருதி என்று குட்டையும் நெட்டையுமாக மிருதங்கங்களை அவர் வீட்டில் வைத்திருக்கிறார். எது உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. புல்லாங்குழலில் மாலியின் குழல் உச்சத்தில் நின்றது. அவருடைய சீடர் ரமணி நீண்ட குழலைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு குழலிசைக் கலைஞர்கள் ஒரே கச்சேரியில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள், பையில் ஐந்தாறு குழல் கிடக்கிறது. நாதசுரத்தில் மட்டும் ஒன்று வந்ததும் மற்றொன்றைக் கைவிட்டோம். விரல் பழக்கம் கெட்டுவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. துளைகளின் இடைவெளி மாறும்போது முதல் சில நாட்கள் ஸ்வரம் பிசகும். ஆனால் குழல்காரர்கள் கடந்த கஷ்டம்தான் அது. செலவு இன்னும் நியாயமான தடை. வருமானம் முகூர்த்த மாதங்களை நம்பியிருக்கும் ஒருவரிடம் இன்னொரு நாயனம் வாங்கு என்று சொல்வது எளிதல்ல. அந்தச் செலவு அவர் தலையில் விழ வேண்டியதும் இல்லை. தேரோட்டம் நடத்தும் கோயில்கள், கோயில் சொத்தாகவே ஒரு ஜோடி திமிரி வைத்துக்கொள்ளலாம். அவிநாசியில் சித்திரைத் தேருக்கும் திருப்பூரில் வைகாசி விசாகத் தேருக்கும் ஆகும் பந்தல், மின்விளக்குச் செலவோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய தொகையல்ல.

நாயனம் செய்யும் ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டி அப்படியே பயன்படுத்துவதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்திலும் தூணிலும் பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய கட்டைதான் உலவு எனும் குழலுக்கு ஏற்றது. அந்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. வெடிப்பும் ஆணித் துளையும் இல்லாத நீளமான துண்டு கிடைப்பது அரிதாகிறது. நெட்டை உலவுக்குப் போதாமல் ஒதுக்கிய கட்டையில் ஒரு திமிரி பிறக்கும். ஆனால் திமிரியை யாரும் கேட்காவிட்டால் அதன் துளைக்கணக்கு பட்டறையில் தங்காது. பாரியின் மத்யமத்தைத் திருத்திய அதே திறமை இன்னும் திமிரியின் பக்கம் திரும்பவில்லை. சுத்த மத்யமம் நேராக நிற்கும் 4½ கட்டைத் திமிரி ஒன்று வேண்டும் என்று ஆசாரிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்கவே இல்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை வருத்தும் பகுதி. தொடங்கக்கூடிய இடம் அருகிலேயே இருக்கிறது. பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் தவில், நாதசுரப் பள்ளியை நடத்துகிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலும் நாதசுரம் கற்றுத் தருகிறார்கள். முதலாண்டில் சேரும் சிறு பிள்ளைகளின் விரல் பாரியின் கடைசி விரல் துளைக்கு எட்டாமல் தவிக்கிறது, மூச்சு குழலை நிரப்பப் போதாமல் திணறுகிறது. அவர்கள் கையில் முதல் இரண்டு வருடம் திமிரியைக் கொடுத்து மல்லாரி பாடமாகட்டும்; கை வளர்ந்ததும் பாரிக்கு மாறட்டும், திமிரியைக் கீழே வைக்காமல்.